மேஜரின் இடது கால்

பட்டாளத்துக் கணவர் என்று ஓர் இனம் உண்டு. வீட்டில் வைத்து அவரை அடையாளம் காண்பது சிரமம். வீட்டில் அவரும் எல்லாக் கணவர்களையும் போலத்தான் பேப்பர் படிப்பார், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வீடெல்லாம் தேடுவார், டிவி ரிமோட் கிடைக்காவிட்டால் மனைவியை முறைப்பார். அவருடைய முழு ரூபத்தையும் தரிசிக்க வேண்டுமென்றால் ஒரே வழி, அவரோடு விமானம் ஏறுவது. ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். மேலே படியுங்கள். ஏறியிருக்கிறீர்கள் என்றால், முதல் வரியைப் படித்தவுடனேயே எழுந்து விறைப்பாக நின்றிருப்பீர்கள். பரவாயில்லை, உட்காருங்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மேஜர். படைப்பிரிவில் மேஜர், அடுக்குமாடிக் குடியிருப்பில் மேஜர், சலவைக்காரர் சட்டைக் காலரில் போடும் குறியிலும் மேஜர். மனைவி ஒருத்திக்கு மட்டும் 'என்னங்க'. அந்த மனைவி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் இன்ஜினீயர். நர்ஸ்கள் அவளை 'ரிப்பேர் அக்கா' என்பார்கள். அதிகம் பேச மாட்டாள். மெஷின்களோடு பழகிப் பழகி, மனிதர்களிடமும் அவளுடைய கேள்விகள் சுருக்கமாகவே வரும். எங்கே சத்தம்? எப்போதிலிருந்து? கடைசியாகத் தொட்டது யார்?

மேஜரைப் பற்றி இந்த மூன்று கேள்விகளையும் அவள் பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டாள். பதில் கிடைத்தபாடில்லை.

மற்றவர்களுக்கு விமானப் பயணம் என்பது ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போவது. மேஜருக்கு அது ஒரு தாக்குதல். யாரைத் தாக்கப்போகிறோம் என்று கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள். "அது போகப் போகத் தெரியும்" என்றார். இத்தனை வருஷம் போயாகிவிட்டது. இன்னும் தெரியவில்லை.

முதல் நாளே சாப்பாட்டு மேசையில் போர்க்களம் விரியும். உப்பு ஜாடி விமான நிலையம். கரண்டிகள் சாலைகள். கவிழ்த்து வைத்த டம்ளர் பெட்ரோல் பங்க். தக்காளி, சிக்னல். பென்சிலால் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, எங்கே திரும்புவது, எங்கே வேகத்தைக் குறைப்பது, பங்கில் யார் இறங்கிக் காவல் நிற்பது (அவள்தான்), யார் டிரைவரோடு பேச்சுக்கொடுத்து அவருடைய மனநிலையை அறிவது (அதுவும் அவள்தான்) என்றெல்லாம் விளக்கிவிட்டுக் கேட்பார்: "புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதில் அவருக்கு ஒரு தனிக் கணக்கு. விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கி நடந்துகொண்டே வருவார். டயர் பஞ்சரானால் என்ன செய்வது, மாற்று டயரும் பஞ்சரானால் என்ன செய்வது, டிரைவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வது, பாலத்தைத் தகர்த்துவிட்டால் என்ன செய்வது.

"எந்தப் பாலம்? வழியில பாலமே இல்லையே?"

"அதான் சொல்றேன். இருந்திருந்தா?"

இல்லாத பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்கான நேரத்தையும் சேர்த்துக்கொண்டு அவர்கள் விமான நிலையம் போய்ச் சேரும்போது, அதற்கு முந்தைய விமானத்தைத் தவறவிட்டவர்களே இன்னும் அழுது முடித்திருக்க மாட்டார்கள்.

பெட்டியைச் சொல்லவில்லையே? சக்கரம் வைத்த பெட்டி அவருக்கு ஆகாது. "கால் இல்லாதவனுக்குத்தான் சக்கரம்" என்பார். கறுப்புத் தகரப் பெட்டி. மேலே வெள்ளைப் பெயின்டில் பெயர், படைப்பிரிவு, ரத்த வகை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனைவியின் கைப்பையிலும் அவளுடைய ரத்த வகையை எழுதிவிட்டார். கடையில் ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன பிராண்டுங்க, எங்க கிடைக்குது?" என்று ஆசையாகக் கேட்டாள். இவளும் வேறு வழியில்லாமல், "கிடைக்காது, பிறக்கும்போதே வரணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பாதுகாப்புச் சோதனையில் நம்மைப்போன்றவர்கள் பெல்ட்டையும் செருப்பையும் தட்டில் வாரிப் போடுவோம் அல்லவா? மேஜர் தட்டில் கண்காட்சி வைப்பார். குதிகால் சேர்ந்தபடி ஷூ, நத்தைபோலச் சுருட்டிய பெல்ட், அதற்கு இணையாகச் சீப்பு, சீப்புக்கு இணையாகப் பேனா. வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி நின்று மார்பை நிமிர்த்திக் காத்திருப்பார், யாராவது ஜெனரல் வந்து பார்வையிடுவார் என்பதுபோல. பின்னால் வரிசை வாசல்வரை நீண்டுபோயிருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காவலர் அவரை அனுப்பிவிடுவார். மாட்டிக்கொள்வது ரிப்பேர் அக்காதான். அவள் பையின் ஏதாவது ஒரு மடிப்பில் மறந்துபோன ஸ்குரூடிரைவர் இருக்கும்.

"சார், இவங்க உங்க மனைவியா?" என்று காவலர் கேட்டால், கணவர் என்ன சொல்ல வேண்டும்? மேஜர் சொல்வார்: "ஆமா. நல்லா செக் பண்ணுங்க."

விமானத்துக்குள்ளே போனால் இன்னொரு சங்கடம். மேஜர் பாராசூட் படையைச் சேர்ந்தவர். அவர் ஏறிய விமானங்களில் பெரும்பாலானவற்றிலிருந்து பாதி வழியிலேயே இறங்கிவிட்டவர். அதனால் மேலே கிளம்பும்போது சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருப்பார். தரையிறங்கும் நேரம் வந்தால் போதும், முகம் வெளுத்துவிடும். "இவ்வளவு கீழே வந்துட்டான், இன்னும் கதவைத் திறக்கலையே" என்று முணுமுணுப்பார். சக்கரம் தரையில் பட்டதும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவள் கையை அவர் பிடிப்பது அந்த ஓர் இடத்தில்தான். அதற்காகவே அவள் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவளிடம் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

இந்த மேஜருக்கு உலகத்தில் அடங்காத ஜீவன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மாமியார்.

ஒருமுறை மகள் வீட்டுக்கு வந்து தங்கிய அந்த அம்மாள் ஊர் திரும்புவதற்கு முதல் நாள், மேஜர் வழக்கம்போல மேசையில் போர்க்களத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். மாமியார் எதிரே உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மேஜர் பெட்ரோல் பங்கைக் கடந்து சிக்னலுக்கு வந்தபோது சிக்னலைக் காணோம்.

"நறுக்கிட்டேன் மாப்பிள்ளை" என்றார் மாமியார், கத்தியைக் கழுவிக்கொண்டே. "நீங்க நிக்காம போகலாம்."

மேஜர் திகைத்துப்போனார். பிறகு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. அன்றிலிருந்து மாமியார் போனில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு எந்த ஊரைப் பிடிச்சீங்க?" மேஜரும் அசராமல், "உங்க ஊருதான் பாக்கி அத்தை. நீங்க இருக்கிறவரைக்கும் பிடிக்க முடியாது" என்பார்.

அந்த அத்தை இறந்துபோனார்.

சேதி வந்தபோது ரிப்பேர் அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷினின் வயிற்றுக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தாள். தம்பிதான் பேசினான். "அக்கா, அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலேயே. சாயங்காலம் எடுக்கணும்னு சொல்றாங்க, அதுக்கு மேல வச்சிருக்க முடியாதாம். நீ வந்துருவ இல்ல?" வந்துவிடுகிறேன் என்றாள். கழற்றி வைத்த திருகாணிகளை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டி, மூடியைப் போட்டு, ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். அழவில்லை. மெஷினைத் திறந்துபோட்டுவிட்டு அழுவது எப்படி?

மேஜர் விடுமுறையில் வீட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றாள். எதுவாக இருந்தாலும் போதும், ஒரு 'ஐயோ' போதும்.

மேஜர் அலமாரியைத் திறந்தார்.

"ரெண்டு செட் துணி எடு" என்றார். "கறுப்பு ஷூ வேண்டாம். செருப்பு போதும்."

அவள் அம்மாவின் ஊருக்கு மத்தியான விமானம் ஒன்று, விளக்கு வைத்த பிறகு போய்ச் சேரும் இன்னொன்று. முதலாவதைப் பிடித்தால் முகம் பார்க்கலாம். இரண்டாவதில் போனால் கழுவிவிட்ட கூடத்தைப் பார்க்கலாம். மேஜர் அன்று தன் கலையையெல்லாம் காட்டினார். டயர் பஞ்சராகவில்லை, டிரைவர் மயங்கவில்லை, பாலம் இன்னும் கட்டப்படவே இல்லை. தாராளமாக நேரம் இருக்கும்போதே வாயிலுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

விமானத்தில் ஏறலாம் என்று அறிவிப்பு வந்தது. படையில் இருப்பவர்கள் முதலில் போகலாம் என்றார்கள். மேஜர் அசையவில்லை.

"நம்மளைத்தான் கூப்பிடறாங்க" என்றாள் அவள்.

"ஆளுங்க எல்லாம் ஏறட்டும். அப்புறம்தான் அதிகாரி."

"இவங்க உங்க ஆளுங்க இல்லீங்க. பயணிங்க."

"அது அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

வாசலுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, கைக்குழந்தைக்காரி, கைத்தடிக்காரர், சூட்டுக்காரர், தூங்குமூஞ்சிக் கல்லூரி மாணவர்கள் என்று வரிசையாக உள்ளே போகும் அத்தனை பேரையும் போர்முனைக்கு வழியனுப்புவதுபோலத் தலையசைத்து அனுப்பினார். சிலர் பயந்துபோய் போர்டிங் பாஸை அவரிடம் நீட்டினார்கள். அவரும் வாங்கிப் பார்த்து, "சரி, போங்க" என்றார்.

கடைசியில் வாசலில் இவர்கள் இரண்டு பேரும், தள்ளி நின்ற ஒரு புதுமணத் தம்பதியும்தான் மிச்சம். ஒரே துணியில் அவனுக்குச் சட்டை, அவளுக்குச் சுடிதார். தூரத்திலிருந்து பார்த்தால் ஜன்னல் திரையில் இரண்டு தலைகள் முளைத்ததுபோல இருந்தது. கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தாள்.

"ரெண்டு சீட்டு கூடுதலா கொடுத்துட்டோம், மன்னிக்கணும். அடுத்த விமானத்துல போறதுக்கு ரெண்டு வாலண்டியர்ஸ்..."

இங்கே மேஜரின் இடது காலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படையில் சேர்ந்த நாளிலிருந்து, 'வாலண்டியர்' என்ற சொல் காதில் விழுந்தால் அந்தக் கால் ஓர் அடி முன்னால் போய்விடும். எதற்கு என்று கேட்காது. கேள்வி முடியும்வரைகூடக் காத்திருக்காது. அந்தக் காலால்தான் அவர் பனிமலைக் காவலுக்குப் போனார், பாழுங்கிணற்றில் இறங்கினார், படைப்பிரிவு ஆண்டு விழா நாடகத்தில் மரமாக நின்றார், புதிதாக வந்த தடுப்பூசியை முதலில் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பச்சையாக இருந்தார். கல்யாணத்தன்று மண்டபத்தில் ஜெனரேட்டர் நின்றுபோய், இருட்டில் யாரோ "ஒரு வாலண்டியர் வாங்கப்பா" என்று கூப்பிட, மாப்பிள்ளை மாலையோடு எழுந்து போய்விட்டார். போனவர் ஜெனரேட்டர் எதிரே விறைப்பாக நின்றாரே தவிர, அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னாலேயே போய் எரிபொருள் குழாயின் அடைப்பை எடுத்துவிட்டவள் மணப்பெண். அவர்களுடைய கல்யாணப் புகைப்படத்தில் இரண்டு பேர் முகத்திலும் கரி இருக்கும்.

அந்த இடது கால் இப்போது தரையில் 'டக்' என்று பதிந்தது.

"ரெண்டு பேர்!" என்றார் மேஜர்.

கவுண்டர் பெண்ணின் முகம் மலர்ந்தது. விரல்கள் பறந்தன. "ரொம்ப ரொம்ப நன்றி சார். ராணுவம்னா சும்மாவா?" புதுமணத் தம்பதி கைதட்டினார்கள். பாத்திரம் துடைப்பதுபோலக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பெண்மணிகூடத் துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். தம்பதி இவர்களுடைய இருக்கைகளை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிக் கும்பிட்டபடி உள்ளே ஓடினார்கள். மேஜர் அவர்களுக்கு ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கையை இறக்கும்போதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"என்னங்க" என்றாள் அவள். "நாம எதுக்குப் போறோம்?"

"உங்க அம்மா..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வேறு பெண்ணாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இவள் மெஷினிடம் கேட்கும் குரலில் கேட்டாள்.

"எப்படி ஆச்சு? வரிசையா சொல்லுங்க."

"அவங்க கேட்டாங்க. கால் போயிடுச்சு."

"மூளை?"

"அது பின்னாடிதான் வரும். எப்பவும் அப்படித்தான்."

"இப்ப வந்துருச்சா?"

"வந்துருச்சு."

"அதைக் கூட்டிட்டுப் போயி அந்தப் பொண்ணுகிட்ட பேசச் சொல்லுங்க."

மேஜரின் படைப்பிரிவில் பின்வாங்குதல் என்ற சொல்லே கிடையாது. எதிரி துரத்தினால், 'புது இடத்துக்கு மாறினோம்' என்றுதான் எழுதுவார்கள். அப்பேர்ப்பட்டவர் கவுண்டருக்கு முன்னால் போய் நின்று, நிமிர்ந்து, இடது காலைத் தூக்கி ஓர் அடி பின்னால் வைத்தார். அப்படி வைத்துப் பழக்கமில்லாததால் கொஞ்சம் தடுமாறினார்.

கவுண்டர் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், கால் வலிக்குதா?"

"வாபஸ் வாங்கறேன்."

"சீட்டைக் கொடுத்தாச்சு சார். அவங்க உள்ளே போயாச்சு. இனிமே யாராவது அவங்களா எழுந்தாத்தான்." பிறகு அவள் ரிப்பேர் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "ஏன் மேடம்? என்ன விசேஷம்?"

விசேஷத்தைச் சொன்னாள். மூன்றே சொற்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவைத் திறந்து இவர்களை விமானத்தின் கதவுவரை அழைத்துப் போனாள் என்று கேட்காதீர்கள். அவளுக்கும் ஓர் அம்மா இருந்திருக்க வேண்டும்.

மேஜர் விமானத்தின் தலைப்பக்கம் போய் நின்றார். அணிவகுப்பு மைதானத்தின் மறுகோடிக்கும் எட்டும் குரலில் முழங்கினார்.

"ஒரு வாலண்டியர் வேணும்!"

விமானம் நிறைய ஜனங்கள். ஒரு கால்கூட நகரவில்லை. ஒருவர் ஜன்னல் வழியே ஒன்றுமில்லாத தரையை ஆராய்ந்தார். ஒருவர் அணைத்துவைத்த போனில் எதையோ தேடினார். சூட்டுக்காரர் தூங்கிப்போனார், ஒரு நொடி முன்னால்வரை செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தவர். மேஜர் மலைத்து நின்றார். வாலண்டியர் என்று கூப்பிட்டால் மனிதர்கள் தங்கள் மடியைக் குனிந்து பார்ப்பார்கள் என்பது, இத்தனை வருஷ சேவையில், முதல் வரிசையில் முதல் ஆளாக நின்றே பழகிய அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பின்னால் நிற்பவர்களின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

"என்னம்மா இது?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். "யாருமே வரல."

"எதுக்குன்னு சொல்லுங்க."

எதற்கு என்று சொல்வது அவருக்குப் புது வழக்கம். ஒருமுறை செருமிக்கொண்டார்.

"எங்க அத்தை இன்னைக்குக் காலையில இறந்துட்டாங்க" என்றார். முழக்கம் எங்கோ போய்விட்டிருந்தது. மூன்றாவது வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. "இது அவங்க பொண்ணு. முகம் பார்க்கணும். சீட்டு இருந்துச்சு. நான்தான், நான்தான் கொடுத்துட்டேன்."

காலையிலிருந்து அந்தச் செய்தியை 'போயிட்டாங்க' என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். இறந்துட்டாங்க என்று ஒருவர் வாயால் இப்போதுதான் கேட்டாள். அவள் பக்கத்திலிருந்த இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் ஜன்னல் திரைத் துணி அசைந்தது. புதுமணப்பெண் முழங்கையால் கணவனை இடித்துக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க."

"நானா?"

"பின்ன, நானா? அவங்க சீட்டுதானே இது."

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து போறதுதானே..."

"அடுத்ததுல வாங்க. நான் என்ன ஓடியா போகப்போறேன்?"

மாப்பிள்ளை எழுந்தான். மேஜர் மணப்பெண்ணுக்கு அடித்தாரே ஒரு சல்யூட், அப்படி ஒன்று எந்த ஜெனரலுக்கும் கிடைத்திருக்காது. பிறகு மனைவி பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். அவளும் காத்திருந்தாள்.

"தண்ணி பாட்டில் பையில இடது பக்கம் இருக்கு" என்றார். உடனே திரும்பி மாப்பிள்ளையிடம், "வாங்க தம்பி. பையை அப்படித் தூக்கக் கூடாது, தோள் போயிடும்" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

கதவு மூடியது. விமானம் நகர்ந்தது. அவசர வழி எங்கே, எத்தனை வரிசை தள்ளி, புகை வந்தால் எந்தப் பக்கம் தவழ்வது என்று காதருகே ஒரு குரல் ஓதிக்கொண்டே இருக்குமே, அது இல்லாமல் ஒரு தடவையாவது நிம்மதியாகப் பறக்க வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை ஆசைப்பட்டிருக்கிறாள். இப்போது நிம்மதி. ஓடிக்கொண்டிருந்த மெஷின் திடீரென்று நின்றதுபோல அப்படி ஒரு நிம்மதி. அவளுக்குத் தாங்கவில்லை.

பக்கத்தில் மணப்பெண் இருக்கையின் கைப்பிடியை நெரித்துக்கொண்டிருந்தாள். "முதல் தடவைக்கா" என்றாள். "பயமா இருக்கு."

ரிப்பேர் அக்காவின் முதுகு நிமிர்ந்தது. அவள் நிமிர்த்தவில்லை. தானாக நிமிர்ந்தது.

"அவசர வழி பின்னாடி இருக்கு. திரும்பிப் பாரு. எத்தனை வரிசைன்னு எண்ணு. கண்ணால இல்ல, கையால. புகை வந்தா கண்ணு தெரியாது. எண்ணிட்டியா? திருப்பிச் சொல்லு."

மணப்பெண் சொன்னாள். முன்வரிசையில் இருந்த கைத்தடிப் பெரியவரும் சேர்ந்து சொன்னார்.

"நீங்களும் மிலிட்டரியாக்கா?"

"இல்ல. ஸ்கேன் மெஷின் ரிப்பேர்."

மணப்பெண் தலையை ஆட்டினாள், எல்லாம் விளங்கிவிட்டதுபோல. விமானம் தரையைத் தொட்டபோது ரிப்பேர் அக்கா பக்கத்தில் இருந்த கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயந்தது அவள்தான் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டாள்.

அம்மாவின் வீட்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். "வந்துட்டியாக்கா. உனக்காகத்தான் எல்லாரும்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான். கூடம் நிறையச் சொந்தக்காரர்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் திசைக்கு ஒன்றாகக் கிடந்தன. நடுவே ஒரு பெஞ்சில் வெள்ளைத் துணி.

அவள் வெள்ளைத் துணியைப் பார்க்கவில்லை.

"நாற்காலியை யாரு இப்படிப் போட்டது?" என்றாள். "வழி எங்க? வர்றவங்க எப்படி வருவாங்க, போறவங்க எப்படிப் போவாங்க? சித்தப்பா, எந்திரிங்க. இந்த வரிசையில உட்காருங்க. சித்தி, நீங்க எதிர் வரிசை." 'என் தெய்வமே, எங்களை விட்டுட்டு' என்று நடுவாக்கியத்தில் இருந்த சித்தப்பா வாயை மூடிக்கொண்டு எழுந்து, சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்து, 'போயிட்டியே' என்று வாக்கியத்தை முடித்தார். ஒருவரைத் தண்ணீருக்கு நிறுத்தினாள், ஒருவரை வாசலுக்கு, ஒருவரைப் போனுக்கு. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் கூடத்தின் நடுவே கயிறு பிடித்ததுபோல நேராக ஒரு பாதை விழுந்தது.

தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அக்கா. எல்லாம் சரியா இருக்கு. அம்மாவைப் பாரு."

"ஒரு நிமிஷம்" என்றாள். ஒரே ஒரு நாற்காலி கொஞ்சம் கோணலாக இருந்தது. அதையும் நேராக்கினாள். அதற்குப் பிறகு நேராக்க ஒன்றும் மிச்சமில்லை. பாதை அம்மாவிடம்தான் போனது. போனாள். பார்த்தாள். அன்று காலையிலிருந்து மாட்டி வைத்திருந்த அத்தனை திருகாணிகளும் ஒரே நேரத்தில் கழன்று விழுந்தன.

மேஜர் வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்து, கூடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். (அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம். பத்திரமாக மனைவியிடம் போய்ச் சேர்ந்தான். பையில் மட்டும் ரத்த வகை எழுதியிருந்ததாம்.) வாசற்படியில் நின்று, வெறும் பெஞ்சைப் பார்த்தார். அதன் இரு பக்கமும் இன்னும் கலையாமல் நின்ற நாற்காலிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, குதிகால் சேர்த்து வைத்தார்.

"வரிசை நல்லா இருக்கு" என்றார்.

காலையிலிருந்து அவள் காத்திருந்தது இதற்காக அல்ல. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். அந்த இனத்திடம் அதைவிடப் பெரிய ஒப்பாரி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவளும் அந்த இனம்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். நீங்கள் பட்டாளத்தில் இல்லை, உங்கள் வீட்டுக்காரரும் இல்லை, பாராசூட்டைப் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனாலும் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். கடைசியாக உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் உடைந்து அழுதபோது, நீங்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்களா, இல்லை, கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனீர்களா? பதில் சொல்ல வேண்டாம். போன பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கை தானாகப் போய்ப் பக்கத்தில் கோணலாகக் கிடந்த எதையோ நேராக்கிவிட்டு வந்ததே, அதுவே போதும்.